ஒன்றேகால் கிலோ முத்திரை

மாவு மில் என்று போர்டு மாட்டியிருக்கும் இடம் உண்மையிலேயே மாவு மில்தானா என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். இந்தக் கவலை என்றைக்கோ யாருக்கோ வந்தது. கவலை வந்த கையோடு வாரியமும் வந்துவிட்டது. தானிய அரைவை ஒழுங்காற்று வாரியம் என்று அதற்குப் பெயர். பென்னாகரம் போகிற ரோட்டில் அதன் கிளை ஒன்று இருக்கிறது. கிளையில் ஓர் அலுவலர், ஒரு கம்ப்யூட்டர் ஆபரேட்டர், ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேஜை. இரண்டாவது மேஜை கேட்டு எழுதிப் போட்டு ஆறு வருடம் ஆகிறது. அது வரும்வரை அலுவலர் சந்திரமோகனும் கம்ப்யூட்டரும் ஒரே மேஜையில் குடித்தனம் நடத்துகிறார்கள். ஆபரேட்டர் அமுதவல்லி மேஜையின் ஓரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கழுத்தைத் திருப்பித் தட்டச்சு செய்வாள்.

போன தை மாதம் வாரியத்துக்கு வெள்ளி விழா. விழா நினைவாகத் தலைமையகம் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு புது வட்ட முத்திரை அனுப்பியது. இரும்பு அடி, பித்தளைப் பிடி, எடை ஒன்றேகால் கிலோ. பழைய ரப்பர் முத்திரை டிராயருக்குள் போய்விட்டது. சந்திரமோகன் புது முத்திரையைத் தலைக்கு மேல் தூக்கி, ஒரு நொடி நிறுத்தி, பிறகு இறக்குவார். அந்தச் சத்தத்துக்கு எதிரே டீக்கடையில் இருப்பவர்கள் டம்ளரைக் கையில் பிடித்துக்கொள்வார்கள்.

அதே தை மாதத்திலிருந்து கம்ப்யூட்டர் அடிக்கடி நீலமாகிக்கொண்டிருந்தது. இந்த இரண்டு செய்திகளும் ஒரே அறையில் ஏழு மாதம் இருந்தன. யாரும் அவற்றை ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்து வைக்கவில்லை.

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் மேட்டுக்கொட்டாயில் மாதம்மாள் இருபத்திரண்டு வருடமாக மில் ஓட்டுகிறாள். பெல்ட் மாட்டுவது, கல் கொத்துவது, மோட்டாருக்கு எண்ணெய் விடுவது எல்லாம் அவளே. தை மாதமே உரிமத்தைப் புதுப்பிக்க மனு கொடுத்திருந்தாள். கம்ப்யூட்டர் நீலமானதால் மனு ஏறவில்லை. மனு ஏறாததால் உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. உரிமம் புதுப்பிக்காத குற்றத்துக்கு ஆடி மாதம் வாரியம் வந்து அவள் மில்லைப் பூட்டி, பூட்டின் மேல் அரக்கு வைத்துவிட்டுப் போனது. கூடவே ஒரு நோட்டீஸ். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் புதுப்பிக்காவிட்டால் உரிமம் ரத்து, கரண்ட்டும் துண்டிப்பு. ஞாயிற்றுக்கிழமை ஊரில் அம்மனுக்குக் கூழ். ஊர் ராகி முழுக்க அவள் மில் வாசலில் மூட்டை மூட்டையாகக் காத்துக் கிடந்தது.

திங்கட்கிழமை காலையில் மாதம்மாள் வாரியத்துக்கு வந்தாள். படிவத்தில் நாற்பத்திரண்டு கட்டங்கள். அமுதவல்லி நிரப்பத் தொடங்கினாள். மில்லின் பெயர், கல்லின் விட்டம், மில் வாசல் எந்தத் திசை, அந்தத் திசை யார் சொல்லித் தெரியும் என்று வரிசையாகப் போயிற்று. கடைசிக் கட்டம் முத்திரை எண். அதற்கு முன்னால் காகித மனுவில் முத்திரை விழ வேண்டும்.

சந்திரமோகன் முத்திரையைத் தூக்கினார், நிறுத்தினார், இறக்கினார். டம்.

திரை நீலமானது. மூலையில் அழுகிற முகம் ஒன்று. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி.

"என்னாங்க சார் ஆச்சு?" என்றாள் மாதம்மாள்.

சந்திரமோகன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "சிக்கல் ஏற்பட்டிருக்குது, தகவல் சேகரிச்சிட்டு இருக்கறேன்னு கம்ப்யூட்டர் சொல்லுதுங்க. அதாவது விசாரணை நடந்துட்டு இருக்குது."

"யாரை விசாரிக்குதுங்க?"

"அதை விசாரணை முடிஞ்சாத்தான் சொல்ல முடியும். எத்தனை சதவீதம் முடிஞ்சிருக்குதுன்னு கீழ போடுது பாருங்க. இருபது. நூறு வர்ற வரைக்கும் யாரும் தலையிடக் கூடாது. தலையிட்டா விசாரணையோட நடுநிலைமை கெட்டுப் போயிருமுங்க."

"சார், அணைச்சுட்டுத் திரும்பப் போட்டா வந்துரும் சார்," என்றாள் அமுதவல்லி மெதுவாக.

"விசாரணை அதிகாரிய யாராச்சும் அணைச்சுட்டுப் போடுவாங்களாம்மா?"

மூன்று பேரும் இருபது சதவீதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மத்தியானம் சந்திரமோகன் சாப்பிட்டுவிட்டு வந்தார். இருபது. நாலு மணிக்குக் கரண்ட் போனது, திரை கறுத்தது. 'விசாரணை மின்தடையால் ஒத்திவைக்கப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் கிளம்பினார்.

செவ்வாய்க்கிழமையும் நாற்பத்தொரு கட்டம், டம், நீலம். இந்த முறை சந்திரமோகன் திரையைப் பார்க்கவில்லை. மாதம்மாளைப் பார்த்தார்.

"நேத்தும் நீங்கதான் இருந்தீங்க. இன்னைக்கும் நீங்கதான் இருக்கறீங்க. இதுக்கு என்ன சொல்றீங்க?"

"நேத்தும் நீங்களும்தான் இருந்தீங்க சார்."

"நான் அரசாங்கமுங்க. நான் இருக்கறத எல்லாம் ஒரு காரணமா எடுத்துக்க முடியாது."

கம்ப்யூட்டர் தன்னைக் கண்டு அழுவதற்கான காரணத்தை மாதம்மாள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு தாள் நீட்டப்பட்டது. பேனாவை வாங்கி எழுதினாள்: 'நான் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. ஏழு மாசமாய் அழ வேண்டியது நான். அது ஏன் அழுகிறது என்று அதையே கேட்கவும். இப்படிக்கு மாதம்மாள்.' தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

சந்திரமோகன் அவளை மேஜையிலிருந்து இருபது அடி தள்ளி உட்காரச் சொன்னார். அந்த அலுவலகத்தின் நீளமே பதினான்கு அடி. எனவே அவள் வராந்தாவில் உட்கார வேண்டியதாயிற்று. வராந்தாச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் வாரியத்தின் விதிகள் அறுபதும் தொங்கின. சட்டத்துக்குள் பல்லி முட்டை இட்டிருந்தது. வேறு வேலை இல்லாததால் மாதம்மாள் விதிகளைப் படித்தாள். வெள்ளி விழா கண்ட வாரியத்தில் அந்தச் சுவரைப் படித்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்க வேண்டும்.

கரண்ட் ஒரு தடவை போய் வந்தது. பிறகு உள்ளே டம் என்றது. "மறுபடியும் போச்சுங்க சார்," என்று அமுதவல்லியின் குரல் கேட்டது.

"இருபது அடி பத்தல போலிருக்குது," என்றார் சந்திரமோகன்.

புதன்கிழமை தருமபுரியிலிருந்து ஜீப்பில் வல்லுநர் வந்தார். பெயர் மாதவராஜ். வாரியத்தின் தொழில்நுட்ப ஆலோசகர். நீலத்திரை ஆய்வுக் குழு என்று ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. அதன் தலைவரும் அவர், உறுப்பினரும் அவர். கூட்டத்துக்கு உறுப்பினர் முழு எண்ணிக்கையில் வந்திருப்பதைக் குறித்துக்கொண்டு, கையைப் பின்னால் கட்டியபடி கம்ப்யூட்டரை மூன்று தடவை சுற்றினார்.

"தெறந்து பாக்கலாமுங்களா சார்?" என்று கேட்டாள் அமுதவல்லி.

"தெறக்கறதா? பதினெட்டு வருச சர்வீஸ்ல நான் ஒரு கம்ப்யூட்டரைக் கூடத் தொட்டதில்லம்மா. தொட்டவன்தான் பதில் சொல்லணும்." பிறகு மாதம்மாளும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார். "கம்ப்யூட்டர்ல பழுது ரெண்டு வகைங்க. தானா வர்றது ஒண்ணு. தானா போறது ஒண்ணு. ரெண்டுலயும் நமக்கு எந்தச் சம்பந்தமும் இல்ல. இதைப் பத்தி நூத்திப் பத்துப் பக்கத்துல நான் ஒரு அறிக்கை கொடுத்திருக்கறேன். ஒரே அறிக்கைதான், ஊரு பேரை மட்டும் மாத்தி எல்லாக் கிளைக்கும் அனுப்பியிருக்குது."

அன்று காலையிலிருந்து மாலை வரை கம்ப்யூட்டர் நீலமாகவே இல்லை. அமுதவல்லி நாற்பத்தொரு கட்டங்களை நிரப்பிவிட்டுக் காத்திருந்தாள்.

"சீலு போடுங்க சார், ஏத்திரலாம்," என்றாள் மாதம்மாள் வாசலில் நின்றபடி.

சந்திரமோகன் நாக்கைக் கடித்துக்கொண்டார். மேலதிகாரி இருக்கும் அறையில் கீழதிகாரி முத்திரை குத்துவது வாரிய மரபு இல்லை. ஜீப் வாசலில் நிற்கும்வரை முத்திரை டிராயரில் பூட்டியிருக்க வேண்டும். ஜீப் ஐந்தரைக்குக் கிளம்பியது. அலுவலகம் ஐந்துக்கு முடிந்திருந்தது. 'பழுது ஏதும் காணப்படவில்லை. பழுது இருப்பதாகக் கூறுவோர் கண்காணிக்கப்பட வேண்டும்' என்று குழு ஒருமனதாக முடிவு செய்திருந்தது.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் மாதம்மாளுக்குப் பொறி தட்டியது. அவள் மில்லில் மோட்டாருக்கு அடியில் பழைய டயரை வெட்டி வைத்திருப்பாள். அந்தத் துண்டு தேய்ந்து போனால் தரை அதிரும், பக்கத்து மேஜையில் இருக்கும் தராசு தாறுமாறாகக் காட்டும். தராசில் குற்றம் இருக்காது. இன்றைக்கு முழுக்க நீலமாகவில்லை. இன்றைக்கு முழுக்கச் சீல் குத்தவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிடமே ஏழு மாதக் கோபமும் சேர்ந்து வந்தது.

வியாழக்கிழமை அதைச் சந்திரமோகனிடம் நேராகச் சொன்னாள். "சார், நீங்க ஓங்கிக் குத்தறீங்க. மேஜை அதிருது. பொட்டிக்குள்ள ஏதோ ஒண்ணு லூசா இருக்குது, அது ஆடிப் போவுது. கொஞ்சம் மெதுவா ஒத்தி எடுங்க. ஓடுதா இல்லையான்னு பாருங்க."

அமுதவல்லி தட்டச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். ஏழு மாதமாக ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது தோன்றவில்லையே என்ற வெட்கம் அந்த முகத்தில் இருந்தது.

சந்திரமோகன் எழுந்து நின்றார். "மெதுவாவா? அம்மா, மெதுவாக் குத்தறதுக்கு ரப்பர் சீல் போதுமே, இரும்பு எதுக்கு? இந்தச் சத்தம் வராந்தாவுல நிக்கறவனுக்குக் கேக்கணும். ரோட்டுல போறவனுக்குக் கேக்கணும். உள்ள ஒரு ஆபீசர் இருக்கறாரு, வேலை நடக்குதுன்னு அவனுக்கு வேற எப்படித் தெரியும்? நாங்க செய்யற வேலைல வெளிய தெரியறது இந்தச் சத்தம் ஒண்ணுதாங்க. மெதுவாக் குத்துனா அது சம்மதம். ஓங்கிக் குத்துனாத்தான் உத்தரவு."

"அப்ப ஓங்கியே குத்துங்க. இப்ப நான் பாக்கறேன்."

குத்தினார். நீலம்.

"தற்செயல்," என்றார். அமுதவல்லி அணைத்துப் போட்டாள். விசாரணையின் நடுநிலைமையை இந்த முறை அவர் கவனிக்கவில்லை, அவருக்கு ரோஷம் வந்திருந்தது. மறுபடி குத்தினார். நீலம். "இதுவும் தற்செயல்." மத்தியானத்துக்குள் ஏழு தடவை குத்தினார், ஏழு தடவையும் நீலம். 'ஏழு தற்செயல்கள் நிகழ்ந்தன' என்று பதிவேட்டில் எழுதினார். வலது தோள் வீங்கியிருந்ததால் எழுத்துக் கோணலாக வந்தது.

"பொட்டியத் தூக்கிக் கீழ வெச்சிரலாமா சார்?" என்று கேட்டாள் மாதம்மாள்.

"கம்ப்யூட்டர் இருக்கற இடம் சொத்துப் பதிவேட்டுல 'மேஜை மேல்'னு இருக்குது. கீழ வெச்சா அது காணாமப் போனதா அர்த்தம்."

"சரி, பொட்டிக்கு அடியில ஒரு சாக்கை மடிச்சுப் போடறேன்."

"அரசாங்க மேஜை மேல சாக்கு வெக்க எந்த விதியும் கெடையாதுங்க."

மாதம்மாள் வராந்தாவுக்குப் போய்க் கண்ணாடிச் சட்டத்தின் முன் நின்றாள். பதினான்காவது விதியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தாள். உள்ளே எட்டிப் பார்த்து, "நாளைக்கு வர்றேன் கண்ணு," என்று அமுதவல்லியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவள் தோளில் ஒரு துணிப்பையோடு வந்தாள். அன்று கடைசி நாள் என்பதால் அவளைப் போலவே பூட்டுப் போடப்பட்ட இன்னும் நாலு மில்காரர்கள் வராந்தாவில் நின்றிருந்தார்கள். பாப்பாரப்பட்டியில் மிளகாய் மில் வைத்திருக்கும் ஜமீர் அவர்களில் ஒருவர். யாரும் எதையும் எதிர்பார்த்து வந்ததாகத் தெரியவில்லை. வராமல் போனார்கள் என்று நாளை யாரும் சொல்லக் கூடாது, அதற்காக வந்திருந்தார்கள்.

மாதம்மாள் நேராக உள்ளே போய், அலுவலரின் மேஜை மேல் பையைத் தொப்பென்று வைத்தாள்.

"என்னாங்க இது?"

"அஞ்சு கிலோ ராகி. உங்க விதி பதினாலு. 'மனுவுடன் ஐந்து கிலோ தானிய மாதிரியைத் துணிப்பையில் அலுவலரின் மேஜை மீது வைக்க வேண்டும். மனுவை மாதிரியின் மேல் வைத்தே முத்திரையிட வேண்டும்.' வெளியதான் தொங்குது சார். நம்பிக்கை இல்லாட்டி வந்து படிச்சுப் பாருங்க."

சந்திரமோகன் வராந்தாவுக்குப் போனார். பல்லி முட்டையைத் தாண்டிப் படித்தார். திரும்பி வரும்போது அவர் முகத்தில், சொந்த வீட்டில் திருடன் நுழைந்ததைப் பார்த்தவரின் கலக்கம் இருந்தது. விதியை மீறி அவருக்குப் பழக்கம் இல்லை. அது இருப்பது தெரியாமல்தான் இத்தனை நாள் மீறியிருந்தார்.

அமுதவல்லி மனுவைப் பையின் மேல் விரித்தாள். நாற்பத்தொரு கட்டங்கள் தயாராக இருந்தன. வராந்தாவில் இருந்த நாலு பேரும் வாசலை அடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். சந்திரமோகன் முத்திரையைத் தூக்கினார், நிறுத்தினார், முழு பலத்தோடு இறக்கினார்.

பொத்.

ராகி அதை அப்படியே வாங்கிக்கொண்டது. மேஜை அசையவில்லை. காகிதத்தில் வட்டம் துல்லியமாக விழுந்திருந்தது. திரை வெள்ளையாகவே இருந்தது.

"சத்தம் வரலையே," என்றார் சந்திரமோகன். முத்திரையைப் புரட்டிப் பார்த்தார். "சத்தம் வராம எப்படிச் செல்லும்? இருங்க, மேஜை மேல வெச்சு இன்னொண்ணு..."

அதற்குள் அமுதவல்லி முத்திரை எண்ணைப் போட்டு, பொத்தானை அழுத்திவிட்டாள். ஏழு மாதமாகத் தூங்கிய பிரிண்டர் ஒரு தும்மல் தும்மி உரிமத்தை வெளியே தள்ளியது. மாதம்மாள் அதைக் கையில் வாங்கிப் படித்தாள். 'இந்த நிமிடம் முதல் இயந்திரத்தை இயக்க அனுமதிக்கப்படுகிறது.' கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு பையைத் தூக்கப் போனாள்.

"அக்கா," என்றார் ஜமீர் வாசலிலிருந்து. "பையக் கொஞ்ச நேரம் வெச்சிட்டுப் போங்கக்கா."

மாதம்மாள் மணியைப் பார்த்தாள். நாலு அடிக்கப் போகிறது. இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வெச்சிட்டுப் போனா இந்த ராகி வாரியத்துக்குச் சொந்தம்பாரு. நான் இங்கயே இருக்கறேன். ஒவ்வொருத்தரா வாங்க."

ஐந்து மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது அந்த நாலு பேரில் கடைசி ஆளின் உரிமமும் வெளியே வந்தது. சந்திரமோகன் சோர்ந்துபோய் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஒரே நாளில் ஐந்து மனு முடிந்த துயரம் அந்தக் கிளைக்குப் புதிது.

"பூட்டை எப்ப வந்து எடுக்கறீங்க சார்?" என்று கேட்டாள் மாதம்மாள்.

அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. "அதுக்குத் தனி மனுங்க. படிவம் ஒம்போது. ஏழு வேலை நாள் ஆவும்."

"இந்த நிமிசத்துல இருந்து ஓட்டலாம்னு நீங்க குடுத்த காகிதத்துல போட்டிருக்குது. அந்த நிமிசம் போயி ஒரு மணி நேரம் ஆச்சு," என்று சொல்லிவிட்டு அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில், மேட்டுக்கொட்டாய் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க, மில் கல்லைக் கொத்த வைத்திருக்கும் சுத்தியால் பூட்டை ஒரே அடியில் உடைத்தாள். மோட்டாரைப் போட்டாள். முதலில் விழுந்தது பையிலிருந்த ஐந்து கிலோ ராகி. ஞாயிற்றுக்கிழமை அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள்.

திங்கட்கிழமை வாரியத்திலிருந்து ஆட்கள் வந்து அவளைக் கூட்டிப் போனார்கள். அரசு அரக்கை உடைத்ததற்காக அவள் உரிமத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று குற்றக் குறிப்பாணை தயாராகிக்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்கத் தோளுக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார் சந்திரமோகன். அவர் இன்று நின்றுகொண்டே இருந்தார்.

"மில்லு என்னோடது. உரிமம் நீங்க குடுத்தது. நடுவுல இருந்த பூட்டு ஒண்ணுதான் யாருக்கும் உபயோகமில்லாம இருந்துச்சு, அதை ஒடைச்சேன்," என்றாள் மாதம்மாள். "எழுதிக்கங்க. பயந்துக்கிட்டுச் சொல்லல."

அமுதவல்லி எழுதினாள். நாற்பத்தொரு கட்டங்கள் நிரம்பின. கடைசிக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. குறிப்பாணை மேஜை மேல் வைக்கப்பட்டது. அமுதவல்லி நிமிர்ந்து, முகத்தில் எதையும் காட்டாமல் கேட்டாள்.

"அக்கா, இன்னைக்குப் பை எடுத்துட்டு வந்தீங்களா?"

"எங்க கண்ணு? அது நேத்தே கூழாப் போச்சு. ஊரே குடிச்சிருச்சு."

"பையெல்லாம் எதுக்கு?" என்றார் சந்திரமோகன். "அது மனுவுக்கு. இது உத்தரவு." முத்திரையை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினார். நிறுத்தினார். எதிரே டீக்கடையில் டம்ளர்களைப் பிடித்துக்கொண்டார்கள்.

டம்.

நீலம். அழுகிற முகம். கீழே எண் ஓடி, இருபதில் வந்து நின்றது.

மாதம்மாள் எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "விசாரணை நடக்குதுங்க சார். நாம யாரும் தலையிடக் கூடாது. நூறு வந்ததும் சொல்லி அனுப்புங்க, நான் மில்லுல இருப்பேன்."

அவள் படியிறங்கிப் போனாள். சந்திரமோகன் அமுதவல்லியைப் பார்த்தார். அமுதவல்லி மடியில் கையைக் கட்டிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு இருபது சதவீதத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அதை அணைத்துப் போடலாம் என்று அவள் இந்த முறை சொல்லவில்லை.